மேற்கோள் குறிக்குள் ஒரு கோப்பு

கேள்வி: லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிட்டால், இடைவெளி உள்ள பெயர்கள் மட்டும் மேற்கோள் குறியோடு வருகின்றனவே, இது பிழையா?

பதில்: இல்லை, முன்யோசனை! 2016-ல் வந்த குனு கோர்யூட்டில்ஸ் 8.25 பதிப்பு, எல்எஸ் கட்டளைக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. குறி போட்ட பெயர்கள் ஓரெழுத்து உள்ளே தள்ளி நிற்க, வரிசை கோணலானது. திரையின் அழகு கெட்டதென்று பலருக்கும் கோபம். அதே ஆண்டில் வந்த 8.26, மற்றப் பெயர்களின் முன்னும் ஓர் இடம் விட்டு வரிசையை நேராக்கிவிட்டது.

குறிகளுக்கு வலுவான காரணம் உண்டு. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கோப்புப் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே: சாய்கோடும், சுழிய பைட்டும். மற்ற எதுவும் வரலாம், வரிமுறிவுகூட! குழாய் வழியே அடுத்த நிரலுக்குப் போகும்போது பெயரில் வரிமுறிவு உள்ள ஒரே கோப்பு இரண்டு வரியாகி, இரண்டு கோப்பாகவே எண்ணப்படும். அதனால்தான் ஃபைண்ட் கட்டளையில், பெயர்களைச் சுழிய பைட்டால் பிரிக்கும் வசதி இருக்கிறது. திரையிலும், பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று குறிகள் காட்டும் தெளிவே அழகைவிட முக்கியம்.

சிறுகோட்டில் தொடங்கும் பெயர் இன்னும் பொல்லாதது. அழிக்கச் சொன்னால், ஆர்எம் கட்டளை அதைத் தனக்கிட்ட உத்தரவாக எடுத்துக்கொள்ளும். பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுங்கள். கோப்பு மட்டும் போய்விடும்.