சுவரோடு ஒரு சவாரி

கேள்வி: அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் கார்கள் பெரும்பாலும் இடப்பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றுகின்றன. இதில் என்னங்க சுவாரஸ்யம்?

பதில்: செக்குமாடும் அப்படித்தான், ஆனால் அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லையே! சுவாரஸ்யத்துக்கு ஒரு சாம்பிள்: 2022 அக்டோபர், வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் ஓவல் பாதை. கடைசிச் சுற்று. சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் பந்தயத்துக்குத் தகுதி பெற, ஓட்டுநர் ராஸ் சாஸ்டெய்ன் இன்னும் 2 இடம் முன்னேற வேண்டும். மனுஷன் பிரேக்கைத் தொடவே இல்லை. ஐந்தாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியை வெளிச்சுவரில் உரசவிட்டார். வலப்பக்கம் முழுக்கச் சிராய்ந்துபோனது. ஆனால் 5 கார்களை முந்திவிட்டார்! சின்ன வயதில் வீடியோ கேமில் பழகிய வித்தையாம். (இனி எந்த அப்பா பிள்ளையைத் திட்டுவார்?) அடுத்த சீசனிலிருந்து இப்படிச் செய்தால் தண்டனை என்று நாஸ்கார் அமைப்பு சொல்லிவிட்டது. சுவருக்குக் கொஞ்சம் நிம்மதி.