ஐந்நூற்றில் ஒரு ஆறுமுகம்

“ஆறுமுகம் அனாக் லெலாக்கி முனியாண்டி!” என்று தாதி கூப்பிட்டதும் எழுந்தேன். இரண்டு வரிசை பின்னால் இன்னொருவரும் எழுந்தார். காது சரியாகக் கேட்காத மனிதர் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டபடி நான் உள்ளே போய்விட்டேன்.

“சர்க்கரை பதினாலு. சோறு எவ்வளவு சாப்பிடுறீங்க, ஐயா?” என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. எனக்குச் சர்க்கரையே கிடையாது, மூட்டுவலிக்குப் போயிருந்தேன். பத்து நிமிடம் திட்டு வாங்கிய பிறகுதான் அடையாள அட்டை எண்ணைப் பார்த்தார்கள். அதற்குள் பக்கத்து அறையில் அந்த இன்னொருவருக்கு, “ரத்தத்தில் ஒன்றும் இல்லை, மூட்டுக்குத்தான் மருந்து” என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. மனிதர் நேராகப் பிரிஞ்சாங் கடைத்தெருவுக்கு இறங்கி, சீனியில்லாத ‘கோசோங்’ மட்டுமே குடித்து மூன்று வருடம் தொடாத தே தாரிக்கை இரண்டு கிளாஸ் குடித்திருக்கிறார். தேடிப் பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். அவரும் ஆறுமுகம். அவருடைய அப்பாவும் முனியாண்டி.

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனால் இதைச் சும்மா விட முடியுமா? கடையில் உட்கார்ந்து ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எங்கள் தோட்டத்துப் பழைய செக்ரோலை, அதாவது ஆள் பதிவேட்டை, நினைவுபடுத்திப் பார்த்தால், நூறு ஆண்களில் நாலு பேராவது ஆறுமுகம். அப்பாக்களில் நூற்றுக்கு ஐந்து முனியாண்டி. கைமதிப்புதான். இரண்டையும் பெருக்கினால் ஐந்நூற்றில் ஒருவன். மலேசியாவில் இந்தியர் ஏறத்தாழ 20 இலட்சம். பாதி ஆண்கள் என்றால் 10 இலட்சம். ஆக, முனியாண்டி மகன் ஆறுமுகங்கள் இரண்டாயிரம் பேர். அத்தனை பேருக்கும் மூட்டுவலி வந்தால் நாடு தாங்காது.

கணக்கு சரி, கணக்குப் போட்ட இடம்தான் தவறு. நான் எண்ணியது தண்டாயுதபாணி கோயில் இருக்கிற கேமரன் மலையில். இங்கே லயத்துக்கு லயம் ஆறுமுகம், வேலாயுதம், பழனியாண்டி. கடலோரத்து ரப்பர்த் தோட்டத்தில் எண்ணியிருந்தால் வேறு விடை வந்திருக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இட்லி சாப்பிடுகிறவர்களையும் சட்னி சாப்பிடுகிறவர்களையும் தனித்தனியாக எண்ணிப் பெருக்கினால், இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று வருமா? வராது. ஒன்று இருக்கிற இடத்தில் மற்றது இருந்தே தீரும். அப்பா பெயரும் பிள்ளை பெயரும் அப்படித்தான். ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்து, ஒரே குலசாமியைக் கும்பிட்டவர்கள். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெயரைச் சுமப்பதால்தானே அவன் பெயரன், பேரன். 1983-இல் நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகரின் அப்பா சுப்பிரமணியன், தாத்தா சந்திரசேகரன். சித்தப்பா சி. வி. ராமனின் ‘சி’யும் அதே தாத்தாதான். இரண்டே பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பரமபதம் ஆடியிருக்கிறது.

ஆனாலும் ‘இன்னார் மகன்’ என்று சொல்லும் எங்கள் ‘அனாக் லெலாக்கி’ (A/L) முறையில் அப்பாவின் முழுப்பெயராவது நிற்கிறது. தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வில் சாமிவேலுவுக்குத் துணைத்தலைவராக இருந்தவர் எஸ். சுப்பிரமணியம். 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சராக இருந்த ம.இ.கா.வின் முன்னாள் தலைவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். முன்னவர் சின்னையா மகன், பின்னவர் சதாசிவம் மகன். ஒரே கட்சி, ஒரே எஸ். என் மாமா ஒருவர் கடைசிவரை இருவரையும் ஒருவர் என்றே நம்பி, “எத்தனை பதவி பார்த்துட்டார் மனுஷன்!” என்று வியந்துகொண்டிருந்தார்.

எஸ் மலிவான எழுத்து, அதனால் அப்படி என்பீர்கள். ‘ஓ’ அபூர்வமான எழுத்துத்தானே? 2024 இந்திய நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் இராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். ரசீதின் பின்பக்கக் கணக்குப்படி தொகுதிக்கு ஒரு ஓ. பன்னீர்செல்வம் தேறினாலே அதிசயம். வாக்கு இயந்திரத்திலோ அதே ஓவோடு வேறு பல பன்னீர்செல்வங்கள். வலைபோட்டுத் தேடுகிறவன் இருந்தால் அபூர்வமும் கூடை கூடையாக வரும். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் வாய்ப்பாடு கிடையாது.

இன்னொரு பக்கம், அந்தக் காலக் கிராணிமார், அதாவது எழுத்தர்கள், எங்களுக்குச் செய்த உபகாரத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். என் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ‘ஒய்’யில் முடிகிறது, தம்பியுடையதில் இரண்டு ‘இ’யில் முடிகிறது, தங்கையுடையதில் தொடக்கத்திலேயே ஒரு ‘ஓ’ புகுந்துவிட்டது. தாளின்படி எங்கள் அம்மாவுக்கு மூன்று கணவர்கள். நிலப்பட்டா மாற்றப் போனபோது மூவரும் ஒருவர்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மெட்ராஸ் பார்க்கப் போனபோது விமான நிறுவனத்தின் கணினி A/L-இல் உள்ள சாய்கோட்டை விழுங்கிவிட்டது. “மிஸ்டர் அல் முனியாண்டி” என்று அழைத்தார்கள். எண்ணெய்க் கிணறு உள்ளவன் மாதிரி நடந்து போய் நடு இருக்கையில் உட்கார்ந்தேன். விசுவநாதன் ஆனந்தை அவருடைய அப்பா பெயரைச் சுருக்கி ‘விஷி’ என்று கூப்பிடுகிற உலகத்தில் நான் எதற்குக் கோபப்பட வேண்டும்?

மறு ஆறுமுகத்தோடு பிறகு பழக்கமாகிவிட்டது. ஒருநாள் இருவரும் அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அங்கேதான் வித்தியாசம். நடுவில் 06, பகாங், இருவருக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படை, ஆண்பிள்ளை, இருவருக்கும்.

இந்தத் தகராறெல்லாம் தோட்டம் என்றைக்கோ தீர்த்துவைத்த விஷயம். செக்ரோலில் என்ன எழுதியிருந்தாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூப்பிட்டது லோரி ஆறுமுகம், மேட்டு லயத்து ஆறுமுகம், பல்லு ஆறுமுகம். கிளினிக் கதை கடைக்கு வந்துசேர ஒரு நாள்கூட ஆகவில்லை. அவர் ‘சீனி ஆறுமுகம்’ ஆனார். அப்புறம் நான் யார்? ‘சீனி இல்லாத ஆறுமுகம்’. அட, இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “சீனி இல்லாத ஆறுமுகத்துக்கு ஒரு தே ஓ கோசோங்!”