தட்டூடல்: திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு முன்னாய்வு

கணவன் கலோரி எண்ணத் தொடங்கிவிட்ட வீட்டில் மனைவி நிம்மதியாகப் பூரி தின்பது எப்படி என்பதற்குத் தொல்காப்பியர் நூற்பா செய்யாமல் போனது பெருங்குறை. அதை நிரப்பவே இக்கட்டுரை.

களம் திருவண்ணாமலை. தம்பதி சண்டைக்கென்றே ஒரு தெரு உள்ள ஊர் வேறு ஏது? மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் பிணங்க, சுந்தரர் தூது நடக்க, அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். சுவாமி தனியே கிரிவலம் போய்த் திரும்பிய பிறகுதான் சமாதானம். மூலகாரணம் பிருங்கி முனிவர் என்பது ஐதீகம். அம்மையை விட்டு அப்பனை மட்டும் வலம்வந்தவர். சோற்றை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் குடிப்பவர் மாதிரி. அம்மை சினந்து அவர் உடம்பின் சதையையும் இரத்தத்தையும் வாங்கிக்கொள்ள, நிற்கவே மூன்றாவது கால் தேவைப்பட்டது. எடைக்குறைப்பு விளம்பரத்தில் ‘பிறகு’ என்ற படத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இனித் தரவு. ஆய்வுக்குட்பட்டவர் என் வீட்டுக்காரர். சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. தம் உடம்பைப் பற்றி அவர் பேசுவது அவர் உரிமை. ‘மைதா விஷம்’ என்பது பொது அறிவிப்பு. காதில் வாங்காமல் விடலாம். சிக்கல் மூன்றாம் வகை: “எனக்கு வேணாம்மா, நீ சாப்பிடு” என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருக்கும் இரண்டாவது பூரியின் உப்பல் அடங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பது. சாயங்காலம் தின்ற பஜ்ஜிக்கு அபராதமாக ராத்திரிச் சோற்றை விட்ட காலம் எனக்கும் உண்டு. அந்தக் கணக்குப்பிள்ளையை வேலையைவிட்டு அனுப்பவே வருஷக்கணக்காயிற்று. இவருடைய ஒரு பெருமூச்சு போதும், அவன் பேரேட்டோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான்.

‘ம்’ என்று சொல்லிப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வாதிட்டேன், அவர் வள்ளுவரின் மருந்து அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் 1326ஆம் குறளைக் காட்டினேன்: உண்பதைவிட உண்டது செரிப்பது இனிது, கூடலைவிட ஊடல் இனிது. செரிக்க வேண்டுமானால் முதலில் உண்டாக வேண்டுமே! “நீ என்னில் பாதி, அக்கறை இருக்காதா?” என்று அர்த்தநாரீஸ்வரரை இழுத்தார். கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் ஏறும் வேளையில் வெளிவந்து காட்சி தரும் அதே மூர்த்தி. அவ்வடிவில் வயிறு யாருடையது? சிற்பிகள் கோட்டைத் தொப்புள் வழியே விட்டு நழுவியிருக்கிறார்கள்.

வயிற்றைக் குறைசொல்லி ஔவையார் பாடிய வெண்பாவுக்கு, வயிறே உயிரின்மீது புகார் சொல்வதாக மறுபாட்டு எழுதியவர் இவ்வூர் ரமண மகரிஷி. அதுவும் ஒரு சித்ரா பௌர்ணமி விருந்து முடிந்த பிறகு. ஆக, பதில் சொல்லும் மரபு இங்கே உண்டு.

பௌர்ணமி கிரிவலத்தில் அதைப் பின்பற்றினேன். 14 கிலோமீட்டர், கைக்கடிகாரம் அவருக்கு அடி எண்ணியது. அன்னதானத் தொன்னையில் நெய் மிதந்த வெண்பொங்கல் எனக்கு வந்தது. “இவங்கல்லாம் சிறுதானியம் போட மாட்டாங்களா?” என்றார். பொங்கலை முடித்து, கை கழுவி, வாயு லிங்கம் தாண்டியதும் சொன்னேன்: “உங்க சுகரப் பத்தி எவ்வளவு நேரம் வேணாலும் பேசுங்க, கேக்கறேன். என் தட்டப் பத்தி மட்டும் வேணாங்க.”

குபேர லிங்கம் வரை மௌனம். பிறகு, “என் தட்டப் பத்தி நீ பேசலாமா?” என்றார்.

“உப்பு போதுமான்னு மட்டும் கேப்பேன்.”

புலவியை உப்போடு வைத்து அளந்தவர் வள்ளுவர் என்பதால், இவ்விதிவிலக்கு செல்லும்.