காவலுக்கு வந்த கள்ளன்

யட்டியாந்தோட்டை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் உளவு புதிய சங்கதி அல்ல. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கொத்தமல்லி அவிப்பார்கள். ஆனால் அந்த ஒட்டுக்கேட்புக்கு வங்கிக் கடவுச்சொல் தேவைப்பட்டதில்லை; கணினிக்குள் வரும் உளவுக்கு அதுவும் தேவை.

பிள்ளையின் படிப்புக்கென்று கணினி வந்தால், டவுன் கடையில் விண்டோஸும் திருட்டுப் பதிப்பு, வைரஸ் காவலும் திருட்டுப் பதிப்பு. அதைத் திறக்கும் 'கிராக்' கோப்பு பெரும்பாலும் போடும் முதல் நிபந்தனை, இருக்கிற பாதுகாப்பை நிறுத்து என்பதுதான். பெரிய கங்காணிகூட இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டதில்லை! விண்டோஸோடு டிஃபெண்டர் என்ற வைரஸ் காவல் சும்மாவே வருகிறது. சும்மா வருவதைப் போட்டுக்கொடுத்தால் கடைக்காரர் எதற்குக் கூலி கேட்பார்?

லயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கொழும்பை விட்டுவிட முடியாது. 2023 ஆகஸ்டில் கப்பம் கேட்கும் மென்பொருள் அரசாங்க மின்னஞ்சலுக்குள் புகுந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின, அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் சேர்த்து. அந்த நாட்களுக்கு மாற்றுப் பிரதியும் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. டவுன் கடையில் அதற்கு இன்னும் 'புது விண்டோஸ்' என்றே பெயர்.