காசுக்குள் ஓடும் குதிரை: கேள்வி-பதில்

கேள்வி: பழைய ஐரோப்பாவின் செல்ட்டிய மக்கள் அடித்த காசுகளில் எதைத் திருப்பினாலும் குதிரை. அப்படி என்ன மோகம்?

பதில்: முதல் குதிரை இரவல். மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் குதிரை கி.மு. 356 ஒலிம்பிக்கில் ஜெயித்தது. சும்மா இருப்பாரா? வெள்ளிக்காசில் ஒரு பக்கம் ஜீயஸ் தலை, மறுபக்கம் குதிரையும் ஓட்டியும் என்று அடித்து ஊருக்கெல்லாம் விட்டார். கூலிப்படைக்குப் போன செல்ட்டியர் கைக்கு அது சம்பளமாக வந்தது. டான்யூப் கரையில் அதைப் பார்த்துத் தாங்களும் அடிக்க ஆரம்பித்தார்கள். எபோனா என்று குதிரைக்கே ஒரு தெய்வம் வைத்திருந்த ஜனங்கள். மற்றதை மறந்தாலும் குதிரையை விடுவார்களா?

கேள்வி: பிலிப்பின் குதிரை அசல் குதிரை. இவர்களுடையது கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதோ?

பதில்: குரங்கு பிடிக்கவே உட்கார்ந்தவர்களை என்ன சொல்வது? மூட்டுக்கு ஒரு புள்ளி, பிடரிக்கு ஒரு மணிச்சரம், உடம்புக்கு ஒரே வளைவு. கிரேக்கர்கள் குதிரையை வரைந்தார்கள். இவர்கள் அதன் ஓட்டத்தை வரைந்தார்கள். பாரிஸ் தேசிய நூலகத்தின் நாணயப் பிரிவில் வேலை பார்த்த ஜார்ஜ் பத்தாய், இது கைப்பிழை அல்ல, கிரேக்க ஒழுங்கை மீறிய வெறி என்று 1929-லேயே எழுதிவிட்டார்.

கேள்வி: குதிரைக்கு மனிதத் தலைகூட உண்டாமே?

பதில்: உண்டு, பிரான்ஸின் வடமேற்கு மூலையான ஆர்மோரிக்காவில். பிரிட்டனில் மூன்று வால் குதிரையும் உண்டு. கொம்புதான் பாக்கி!

கேள்வி: வெள்ளியாவது சுத்தமா?

பதில்: காலம் போகப் போகச் செம்பு கூடியது. ஜெர்சி தீவில் 2012-ல் ஒரே குழியில் சுமார் 70,000 காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் செம்பு கலந்த வெள்ளி. எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பாறாங்கல்லாக இருந்தது. பிரித்து முடிக்க 2017 ஆயிற்று. சீசர் படைக்குப் பயந்து புதைத்தது என்று சொல்கிறார்கள். புதைத்தவர் திரும்பி வரவில்லை.

கேள்வி: இங்கிலாந்தில் அஃபிங்டன் மலைச்சரிவில் இருக்கும் 110 மீட்டர் வெள்ளைக் குதிரை, காசைப் பார்த்து வரைந்ததா?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும், வெகுநாள் அப்படித்தான் நம்பினார்கள். 1990-களில் மண்ணைச் சோதித்தபோது, மலைக்குதிரை காசுக்குப் பல நூற்றாண்டு மூத்தது என்று தெரிந்தது. தாத்தாவைப் பேரன் ஜாடை என்று சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: இந்தக் குதிரை கடைசியில் எங்கே நின்றது?

பதில்: கிழக்கு இங்கிலாந்தில். அங்கே ஐசீனி மக்கள், ரோமானியர் வந்த பிறகும் சின்னச் சின்ன வெள்ளிக்காசில் குதிரையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கி.பி. 60-61-ல் அவர்கள் ராணி பூடிக்கா ரோமை எதிர்த்துக் கிளம்பித் தோற்றார். அதற்குப் பிறகு அங்கே செல்லுபடியானது ரோமச் சக்கரவர்த்தியின் தலை மட்டும்தான்.