இருபது சதவீதமும் சின்ன வெங்காயமும்

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை வருஷம் முழுக்க ஒரே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று எந்த வியாபாரியாவது சொன்னால், பெரம்பலூர் விவசாயி சிரித்தே அனுப்பிவிடுவார். அதே ஊரில், ‘இந்த நாணயம் எப்போதும் 1 டாலர்தான், வட்டி ஆண்டுக்கு 20 சதவீதம்’ என்று கைபேசி சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார ஆள் இருக்கிறது.

டெர்ரா யுஎஸ்டி என்ற கிரிப்டோ நாணயம் அப்படித்தான் வந்தது. அதன் பின்னால் டாலர் இல்லை. லூனா என்ற இன்னொரு நாணயம் இருந்தது. லூனாவின் பின்னால்? நம்பிக்கை. போட்ட நாணயத்தைக் கடனாக வாங்கியவர்கள் கட்டிய வட்டி அந்த 20 சதவீதத்துக்குப் போதாதபோது கையிருப்பைக் கொட்டி ஈடுகட்டினார்கள். 2022 மே மாதம் சில நாட்களில் இரண்டும் கவிழ்ந்தன; சுமார் 4,000 கோடி டாலர் போயிற்று. இதன் கர்த்தாவான கொரியாக்காரர் டோ குவோன் 2025-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நம்மூர் சளைத்ததா? அதே மே மாதம்தான் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு புகுந்தது. அங்கே மாதத்துக்கே 25 முதல் 30 சதவீதம் என்ற வாக்கு; ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், 2,400 கோடி ரூபாய்க்கு மேல். கொரியாக்காரர் 20 சதவீதம் தர ஓர் ஆண்டு அவகாசம் கேட்டார். அடக்கமான மனிதர்.

அரியலூர் வங்கி மேலாளரோ 7 சதவீதம் என்று சொல்லவே கூச்சப்படுகிறார். 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. கிரிப்டோவுக்கு அதெல்லாம் கிடையாது. ஆனால் லாபம் வந்தால் 30 சதவீதம் வரி வாங்க வருமான வரித்துறை இருக்கிறது. நஷ்டத்தில் மட்டும் அது பங்கு கேட்பதில்லை.