அட்டைப்பெட்டிக்குள் ஒரு கூடங்குளம்

பெறுநர்: உயர்திரு மின்வாரியத் தலைவர் அவர்கள்
பொருள்: மின்பற்றாக்குறைக்கு நிரந்தரத் தீர்வு – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

நிலக்கரிக்கும் காற்றாலை சீசனுக்கும் தாங்கள் இனி ஏங்க வேண்டியதில்லை. என் மேசைக் கணினிக்கு மலிவு விலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இதற்குத் தனி பிளக் கிடையாது, கணினியின் யூ.எஸ்.பி.யில் செருகினால் போதும். யூ.எஸ்.பி. 2.0 தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக 2.5 வாட். இரண்டரை உள்ளே போய் ஆயிரமாக வெளியே வருகிறது! பத்து லட்சம் ஜோடிகளை அடுக்கினால் 1000 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலைக்குச் சமம். போராட்டம் நடக்காது. சத்தமும் பெரிதாக இருக்காது.

பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. கண்சிமிட்டும் நேரத்து உச்சத்தை வைத்து அவரவர் தாராள மனசுக்கேற்பப் போட்டுக்கொள்ளும் கணக்கு அது. விடாமல் எவ்வளவு தரும் என்று சொல்வது ஆர்.எம்.எஸ். வாட். பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தும் அதைக் காணோம்.

மின்னிழப்பு விவரம்: '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்கிறது பெட்டி. மனிதக் காது கேட்கக்கூடிய மொத்த எல்லையே அதுதான். இரண்டு முனையிலும் ஒலி எத்தனை டெசிபெல் குறையும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கீழ்ச்சுருதிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். இரண்டு அங்குலக் கூம்பு எவ்வளவைத் தள்ளும்? இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாருக்கு முழுநேர மின்வெட்டு. அதன் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கிறது, தொப்பி லீவில் இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் பாட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி அதிர்கிறது.

ஆம்ப்ளிஃபயருக்கு வாட் விளம்பரம் செய்தால் தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-லேயே விதி போட்டுவிட்டது. நம் கடைத்தெருவில் இன்னும் பெட்டி சொன்னதுதான் வாட்.

ஆகவே, மீட்டர் பார்க்கும் ஊழியர் ஒருவரை ஸ்பீக்கர் கம்பெனிகளுக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் அவர் ஒரு யூனிட்டைக்கூட விட்டதில்லை. அவர் குறித்துத் தரும் எண்ணைப் பெட்டியில் அச்சடிக்கச் சொல்லுங்கள். அது இரண்டே வாட்டாக இருந்தாலும் பரவாயில்லை, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
2.5 வாட் நுகர்வோன்